கோட்டுத் துணி எடுக்கப் போகிறீர்களா? குமரிப் புழுக்கத்துக்கு ஒரு வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் கோட்டுத் துணி கேட்டுக் கடை ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் மாப்பிள்ளைகள். சி.எஸ்.ஐ. ஆனாலும் கத்தோலிக்கம் ஆனாலும், ஆலயத்தில் கல்யாணம் என்றால் கோட்டு போடாத மாப்பிள்ளையை இங்கே பார்ப்பது அரிது. அடுத்து வக்கீல்கள். நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை, இரணியல், பூதப்பாண்டி என்று நீதிமன்றங்கள் பரவிக் கிடக்கிற மாவட்டம் இது. மூன்றாவதாக, வேலைக்கோ படிப்புக்கோ வெளிநாடு கிளம்புகிறவர்கள். இந்த மூன்று பேருக்கும் வேண்டிய துணி வேறு வேறு. கடையில் மூன்று பேருக்கும் ஒரே தானைத்தான், அதாவது ஒரே துணிச் சுருளைத்தான், விரித்துப் போடுவார்கள்.

அதனால் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே ஒரு கேள்விக்கு விடை வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோட்டை எங்கே, எந்த மாதத்தில், எவ்வளவு நேரம் போடப்போகிறீர்கள்? நிறம், கம்பெனி, விலை எல்லாம் அதற்கு அப்புறம். வேலூர், திருத்தணி பக்கம் போல 40 டிகிரியைத் தாண்டிப் பொசுக்குகிற வெயில் நமக்கு இல்லை. நம்முடைய தொல்லை புழுக்கம். கடற்காற்றின் ஈரத்தில் வியர்வை காயவே காயாது. மண்டபத்தில் ஏ.சி. இருக்கலாம், ஆலயத்தில் பெரும்பாலும் மின்விசிறிதான். மே மாதம் பகல் 11 மணிக்கு ஆராதனை, அப்புறம் மாலை வரை மேடை, போட்டோ என்று நிற்கப்போகிறவர் துணியின் பளபளப்பைவிட அதற்குள் காற்று போகுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ரெடிமேடா, தையலா?

ரெடிமேட் கோட்டு மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கடையில் நுழைந்து உங்கள் அளவை எடுத்துப் போட்டுப் பாருங்கள். தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடிகிற இடத்தில் சரியாக உட்கார்ந்து, கழுத்துக்குப் பின்னால் துணி எழும்பி நிற்காமல் இருந்தால் தாராளமாக வாங்கிவிடலாம். கை நீளத்தைக் குறைக்கலாம், இடுப்பைப் பிடிக்கலாம். தோளைத் திருத்துவது மட்டும் கோட்டையே பிரித்துத் தைப்பதற்குச் சமம். ஒரு தோள் இறங்கியவர்கள், மார்புக்கும் வயிற்றுக்கும் அளவு ஒத்துப்போகாதவர்கள், ரொம்ப உயரமானவர்கள் தைப்பதுதான் நல்லது.

செலவுக் கணக்கிலும் ஒரு வித்தியாசம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட ரெடிமேட் ஆடைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். மீட்டர் துணிக்கு 5 சதவீதம்தான். ஆனால் தையல் கூலி தனி. நல்ல கோட்டு டெய்லரின் கூலி சில சமயம் துணியின் விலையைத் தாண்டிவிடும். அதற்குத் தயாராக இருங்கள். துணியில் பணத்தைக் கொட்டிவிட்டுக் கூலியில் பேரம் பேசுகிறவர்களுக்குக் கிடைப்பது விலை உயர்ந்த துணியில் தைத்த மட்டமான கோட்டு.

வெளிநாடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பனிக்குப் போடுகிற கனத்த ஓவர்கோட்டுத் துணியை நாகர்கோவிலில் தேடுவது வீண் அலைச்சல். இங்கே அது ஓடாத சரக்கு. தைத்துப் பழகிய கையும் குறைவு. போகிற ஊரில் வாங்குங்கள். நேர்முகத்துக்கும் விசேஷத்துக்கும் ஒரு கோட்டு சூட்டு மட்டும் இங்கே தைத்துக்கொண்டு போனால் போதும்.

முதலில் டெய்லர், பிறகு துணி

பெரும்பாலோர் தலைகீழாகச் செய்வது இதைத்தான். குடும்பத்தோடு ஜவுளி எடுக்கப் போகிற அன்றே, பட்டுப்புடவையோடு சேர்த்துக் கோட்டுத் துணியையும் கிழித்து வாங்கிவிட்டு, அப்புறம் டெய்லரைத் தேடுகிறார்கள். டெய்லர் அளவு எடுத்துவிட்டு "கால் மீட்டர் குறையுதே தம்பி" என்பார். திரும்ப ஓடினால் அந்தத் தான் முடிந்திருக்கும். வேறு தானில் அதே நிறம் கிடைத்தாலும் சாயம் தோய்த்த லாட் வேறாக இருந்தால் பேண்ட் ஒரு நிறமும் கோட்டு ஒரு நிறமுமாக வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

பேண்ட் சட்டை நன்றாகத் தைக்கிறவர் எல்லாரும் கோட்டு தைப்பவர் அல்ல. கடையில் தைத்துத் தொங்குகிற கோட்டு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். முன்பக்கக் காலர் மடிப்பு, அதாவது லேப்பல், தட்டையாக அழுத்தி வைத்தது போல இல்லாமல் மெதுவாகச் சுருண்டு விழுகிறதா? கை ஏற்றிய இடத்தில் தோளில் சுருக்கம் இருக்கிறதா? கட்டம் போட்ட துணி என்றால் பாக்கெட் மூடியில் கட்டம் உடம்புத் துணியோடு சேர்கிறதா? இந்த மூன்றும் போதும். அப்புறம் வெட்டுவது யார், தைப்பது யார் என்று கேளுங்கள். சில கடைகளில் அளவு மட்டும் இங்கே எடுத்து, தையல் வேறு ஊரில் நடக்கும். அது குற்றமில்லை. ஆனால் ட்ரையலில் குறை தெரிந்தால் சரி செய்ய எத்தனை நாள் ஆகும் என்பது அதைப் பொறுத்தது.

நாள் பார்ப்பதிலும் நம்மூருக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், சி.எஸ்.ஐ.க்காரர்கள் சொல்கிற லெந்து நாட்களில், ஆலயக் கல்யாணங்கள் பொதுவாக நடப்பதில்லை. ஈஸ்டர் முடிந்ததும் மே மாதம் வரை அடைமழை போலக் கல்யாணம். எனவே ஈஸ்டருக்குப் பின் கல்யாணம் வைத்திருக்கிறவர்கள் துணியை லெந்து தொடங்கும்போதே டெய்லர் கையில் கொடுத்துவிட வேண்டும். அந்த நாட்களில் அவருக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் இருக்கும். கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரியிலும் இதே நெருக்கடி. ஆடியில் இந்துக் கல்யாணம் இல்லாததால் டெய்லர்கள் ஓரளவு ஓய்வாக இருப்பார்கள், ஜவுளிக் கடைகளில் தள்ளுபடியும் ஓடும். பிறகு வருகிற கல்யாணத்துக்கு அப்போதே துணி எடுத்து வைப்பது கெட்டிக்காரத்தனம். தள்ளுபடியில் வருகிற துண்டு பீஸ்களில் மட்டும் நீளத்தை அளந்து பாருங்கள்.

எத்தனை மீட்டர்?

சூட்டிங் துணி பெரும்பாலும் 58 அங்குலப் பன்னாவில், ஏறக்குறைய 150 சென்டிமீட்டர் அகலத்தில் வரும். இந்தப் பன்னாவில் சராசரி உடம்புக்குக் கோட்டு மட்டும் என்றால் 2 மீட்டர். உயரமோ பருமனோ கூடுதல் என்றால் இரண்டே கால். கோட்டும் பேண்டும் சேர்ந்து 3 முதல் மூன்றே கால். அதோடு வெயிஸ்ட் கோட்டும் வேண்டுமென்றால் இன்னும் அரை முதல் முக்கால் மீட்டர். வெயிஸ்ட் கோட்டின் முதுகு லைனிங் எனும் உள்துணியில்தான் வரும் என்பதால் அதற்கு மேல் தேவைப்படாது. பெண் வக்கீல்களின் கோட்டுக்கு ஒன்றரை முதல் ஒன்றே முக்கால் போதும்.

கட்டம் போட்ட துணிக்குக் கால் முதல் அரை மீட்டர் கூடுதலாக எடுங்கள். இல்லையென்றால் டெய்லரால் கட்டத்தைச் சேர்க்க முடியாது. வெல்வெட்டுக்கும் இதே கதை. வெல்வெட்டின் மயிர் ஒரே பக்கமாகப் படிந்திருக்கும். எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வெட்டினால்தான் நிறம் ஒன்றாகத் தெரியும். ஒன்றைத் தலைகீழாக வைத்து வெட்டிவிட்டால் அந்தத் துண்டு மட்டும் வேறு துணி போலக் காட்டும்.

கதர், கைத்தறிப் பட்டு போன்றவை பல சமயம் 36 அங்குலச் சின்னப் பன்னாவில் வரும். அப்போது மேலே சொன்ன கணக்கில் ஒன்றரை மடங்குக்கு மேல் வேண்டும். பன்னா என்ன என்று கேட்காமல் மீட்டர் சொல்லாதீர்கள். பழைய கடைகளில் இன்னும் கெஜக் கணக்கு பேசுகிறவர்கள் உண்டு. ஒரு கெஜம் 91 சென்டிமீட்டர் சொச்சம்தான். மூன்று கெஜத்தை மூன்று மீட்டர் என்று நினைத்து வாங்கினால் கால் மீட்டருக்கு மேல் போய்விடும்.

துணிக்குள் என்ன இருக்கிறது?

கடையில் நடக்கிற பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"அண்ணே, இது டி.ஆரா, டெர்ரி வுல்லா?"

"எல்லாம் ஒண்ணுதான் தம்பி. நல்லா உழைக்கும்."

ஒன்று அல்ல. டி.ஆர். என்பது பாலியஸ்டரும், மரக்கூழிலிருந்து எடுக்கிற விஸ்கோஸ் நாரும் கலந்தது. கடைகளில் மாப்பிள்ளைக் கோட்டு என்று எடுத்துப் போடுவதில் பெரும்பகுதி இதுதான். விலை குறைவு, கசங்காது, எந்த நிறத்திலும் கிடைக்கும். டெர்ரி வுல் என்பது பாலியஸ்டரும் கம்பளியும் கலந்தது. அதற்கு மேல் முழுக் கம்பளி. இன்னொரு பக்கம் லினன், காட்டன்.

"கம்பளியா? நாகர்கோவிலிலா?" என்று சிரிக்க வேண்டாம். கம்பளி என்றதும் போர்வை நினைவுக்கு வருவதுதான் குழப்பம். கோட்டுக்கு வருகிற கம்பளி மெல்லிய நூலில் நெய்தது. ஈரத்தை வாங்கிக்கொள்வதில் நார்களுக்குள் பெரிய வித்தியாசம் உண்டு. சாதாரணக் காற்று ஈரத்தில் 100 கிராம் பாலியஸ்டர் அரை கிராம் தண்ணீர்கூட வாங்காது. பருத்தி சுமார் 8 கிராம், லினன் 12, கம்பளி 16 கிராம் அளவுக்கு வாங்கும். உடம்பிலிருந்து எழுகிற ஆவியை இப்படித் துணி குடித்துக்கொண்டால் தோலுக்கு இதமாக இருக்கும். குடிக்காத துணிக்குள் அது சட்டையில் தங்கி முதுகோடு ஒட்டும். கனத்த பாலியஸ்டர் கோட்டைவிட மெல்லிய கம்பளிக் கோட்டு நமக்குக் குளிர்ச்சி. காசு இடம் கொடுத்தால் கம்பளி கூடுதலாக இருக்கிற டெர்ரி வுல், இல்லையென்றால் விஸ்கோஸ் கூடுதலாக இருக்கிற டி.ஆர். என்று இறங்கி வாருங்கள்.

லினனுக்கு நான் எப்போதும் ஓட்டுப் போடுவேன். காற்று தாராளமாகப் போகும், ஈரத்தையும் வாங்கும். ஆனால் கசங்கும், நிச்சயமாகக் கசங்கும். காரில் ஏறி ஆலயத்தில் இறங்குவதற்குள் முழங்கை மடிப்பில் கோடு விழுந்துவிடும். அந்தக் கசங்கலைப் பார்த்து முகம் சுளிக்கிற மாமியார் இருந்தால் வேண்டாம். மாலை வரவேற்புக்கும் நண்பன் கல்யாணத்துக்கும் லினன் கொள்ளாம், நன்றாக இருக்கும்.

வெல்வெட், ஜரிகை ஜாக்கார்ட், ஜோத்புரிக் கோட்டுக்கான பூவேலைத் துணி இவையெல்லாம் ஏ.சி. மண்டபத்துக்கு மட்டும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

துணியின் ஓரக் கரையைப் பாருங்கள். எந்த நார் எத்தனை சதவீதம் என்பதை ஆலைகள் துணியில் அச்சிட வேண்டும் என்பது 1988-லேயே வந்த விதி. தானின் கரையிலோ பீஸின் அட்டையிலோ அது இருக்கும். இல்லாத துணிக்கு விற்பனையாளர் சொல்வதுதான் சான்று என்றால், விலையையும் அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

கரையில் சூப்பர் 100, சூப்பர் 120 என்று எண் போட்டிருப்பதைக் காட்டி விலை ஏற்றுவார்கள். அது கம்பளி இழை எவ்வளவு மெல்லியது என்பதைச் சொல்லும் எண். சூப்பர் 100 என்றால் இழையின் குறுக்களவு 18.75 மைக்ரானுக்கு மேல் போகாது. சூப்பர் 120 என்றால் 17.75. எண் கூடக் கூட மென்மை கூடும், உழைப்பு குறையும், கசங்கலும் கூடும். ஒரு நாள் போடுகிற மாப்பிள்ளைக்கு 120 சரி. வாரம் ஐந்து நாள் போட்டு நாற்காலியில் உரசுகிற வக்கீலுக்கு 80, 90 போதும். பாலியஸ்டர் கலந்த துணியிலும் இந்த எண்ணை அச்சிட்டு விற்கிறார்கள். அங்கே அதற்குப் பெரிய அர்த்தம் கிடையாது, சதவீதத்தைப் பாருங்கள்.

எடையும் நெசவும்

கோட்டுத் துணியின் எடையைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்வார்கள். நம் ஊருக்கு 200 முதல் 250 வரை நல்லது. 300-ஐத் தொட்டால் ஊட்டிக்குத்தான். சிக்கல் என்னவென்றால், விற்பனையாளரிடம் இதைக் கேட்டால் பெரும்பாலும் தெரியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. 150 சென்டிமீட்டர் பன்னாவில் 3 மீட்டர் பீஸ் என்பது நாலரை சதுர மீட்டர். அட்டைப் பெட்டியை எடுத்துவிட்டுத் துணியை மட்டும் தராசில் வையுங்கள். ஒரு கிலோவுக்கு முன்பின் இருந்தால் நமக்கு ஏற்றது. 1,350 கிராம் காட்டினால் அது 300 கிராம் துணி. தராசு இல்லாத கடையில் இரண்டு பீஸை இரண்டு கையில் தூக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

எடை ஒன்றாக இருந்தாலும் நெசவு வேறாக இருக்கலாம். துணியில் சாய்வாக மெல்லிய கோடு ஓடினால் அது ட்வில் நெசவு. நன்றாகத் தொங்கும், மடிப்பு அழகாக விழும், ஆனால் நெருக்கம் அதிகம். குறுக்கும் நெடுக்குமாகச் சதுரமாகத் தெரிந்தால் சாதா நெசவு. காற்று இதில்தான் நன்றாகப் போகும். துணியை ஒற்றை மடிப்பாக வாயருகே பிடித்து ஊதி, மறுபக்கம் கையை வைத்துப் பாருங்கள். காற்று கையில் பட வேண்டும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்க்கும்போது ஊசிமுனை வெளிச்சங்கள் சீராகத் தெரிவது நல்லது. அங்கங்கே திட்டாகத் தெரிந்தால் நெசவு சீராக இல்லை.

நிறம்

கடையின் எல்.இ.டி. வெளிச்சத்தில் நிறத்தை முடிவு செய்யாதீர்கள். துணியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து பாருங்கள். நல்ல கடைக்காரர் தானே சொல்லுவார், "வெளியே கொண்டு போய்ப் பாருங்க" என்று. நேவி என்று எடுத்தது கறுப்பாகவும், சாம்பல் என்று எடுத்தது ஊதா சாயலிலும் தெரிவது வாசலில்தான் புரியும். பேண்ட் தனித் துணி என்றால் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

கறுப்பு மிகவும் ஏமாற்றுகிற நிறம். சில கறுப்பு வெயிலில் செம்மை அடிக்கும், சில பச்சை அடிக்கும், கொஞ்ச நாள் போட்டால் வெளுத்துச் சாம்பலாகும். வக்கீல் கோட்டு எடுப்பவர்கள் இரண்டு மூன்று கறுப்புத் தான்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மையான கறுப்பு எது என்று கண்ணுக்குத் தெரியும். ஈரக் கைக்குட்டையால் துணியை அழுத்தித் தேயுங்கள். வெள்ளைக் கைக்குட்டையில் கறை ஏறினால், வியர்வையில் உங்கள் வெள்ளைச் சட்டைக் காலரிலும் ஏறும். கோடைக்காலத்தில் உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் தவிர மற்ற இடங்களில் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை என்று இந்திய பார் கவுன்சில் விதியே சொல்கிறது. ஆனால் மதுரைக் கிளைக்கு வழக்கு நடத்தப் போனால் மே மாதமும் கோட்டு வேண்டும். இளம் வக்கீல்கள் அதையும் நினைத்து எடை குறைந்த துணியாகப் பார்ப்பது நல்லது.

மாப்பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம். மிக நெருக்கமான பொடிக் கட்டமும் மெல்லிய கோடும் வீடியோவில் அலை அடிப்பது போல நெளியும். தூரத்திலிருந்து ஒற்றை நிறமாகத் தெரிகிற துணி கேமராவுக்குப் பாதுகாப்பு. அப்புறம், அடர் நிறத்தில் வியர்வை ஈரம் அவ்வளவாகத் தெரியாது. இளம் சாம்பல் நிறத்தில் அக்குள் ஈரம் ஊருக்கே தெரியும்.

கடையில் செய்ய வேண்டிய மற்ற சோதனைகள்

ஒரு முனையைக் கைக்குள் கசக்கிப் பத்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். கம்பளி கலந்தது மெல்ல விரிந்து பழைய நிலைக்கு வரும். டி.ஆர். கொஞ்சம் கோடு காட்டும். லினன் கசங்கியே நிற்கும், அது அதன் குணம்.

ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவி வீட்டுக்குக் கொண்டுவந்து, பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது கிடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். தலைமுடி கருகுகிற வாசனையும் விரலில் பொடிகிற சாம்பலும் வந்தால் கம்பளி. காகிதம் எரிகிற வாசனை என்றால் பருத்தி, லினன், விஸ்கோஸ் இவற்றில் ஒன்று. உருகிச் சுருண்டு கெட்டியான கறுப்பு மணியாக நின்றால் பாலியஸ்டர். கலப்புத் துணியில் இரண்டும் கலந்து வரும். முழுக் கம்பளி என்று விலை கேட்கிற இடத்தில்தான் இந்தச் சோதனைக்கு வேலை.

துணியை வெட்டும் முன் முழுவதும் விரிக்கச் சொல்லி இரண்டு பக்கமும் பாருங்கள். நூல் அறுந்த இடம், எண்ணெய்க் கறை, தானின் மடிப்பில் வெளுத்த கோடு இருந்தால் அதைத் தவிர்த்து அளக்கச் சொல்லலாம். அளக்கும்போது துணியை இழுக்காமல் மேசையில் படிய வைத்து அளக்க வேண்டும். கோட்டு, பேண்ட், வெயிஸ்ட் கோட்டு மூன்றையும் ஒரே தானிலிருந்து ஒரே நேரத்தில் வெட்டி வாங்குங்கள். பில் வாங்குங்கள். வெட்டிய துணியை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது. ஆனால் உள்ளே ஓட்டை இருந்தது தெரிந்தால் பில்லோடு போய்க் கேட்க முடியும்.

எங்கே போவது?

நாகர்கோவிலில் ஜவுளிக்கென்று நடக்கத் தொடங்க வேண்டிய இடம் மீனாட்சிபுரம், செம்மாங்குடி சாலை. அண்ணா பேருந்து நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம். வேப்பமூடு, மணிமேடை வரை ஒரு சுற்று வந்துவிட்டால் பெரிய கடை, சூட்டிங் சர்ட்டிங் மட்டும் விற்கிற சின்னக் கடை, கம்பெனி ஷோரூம் மூன்றையும் பார்த்துவிடலாம். பெரிய கடையில் புடவைக்குத்தான் மாடி மாடியாக இடம். சூட்டிங் ஒரு மூலையில் இருக்கும். சின்னக் கடையில் உட்கார்ந்திருக்கிற வயதான அண்ணாச்சிக்குத் துணி தெரியும். எந்த ஆலைச் சரக்கு, எது சுருங்கும், எது சாயம் போகும் என்று சொல்லுவார். புதிதாகப் போகிறவர்கள் முதலில் அங்கே போய்த் தொட்டுப் பழகிவிட்டு அப்புறம் ஷோரூமுக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையும் முகூர்த்தத்துக்கு முந்தைய நாட்களும் வேண்டாம். வார நாளில் காலை கடை திறந்த சூட்டோடு போனால் தானை விரித்துக் காட்ட ஆளும் பொறுமையும் இருக்கும்.

விளவங்கோடு பக்கத்துக்காரர்களுக்கு மார்த்தாண்டம் போதும். களியக்காவிளையை ஒட்டி இருப்பவர்களுக்கு நாகர்கோவிலைவிடத் திருவனந்தபுரம் பக்கம். அங்கே கிழக்குக் கோட்டையை ஒட்டி, சாலை என்றே பெயர் கொண்ட கடைத்தெருவில் துணி, லைனிங், பொத்தான் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் கிடைக்கும். ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் மட்டும் அந்தப் பக்கம் தலை வைக்காதீர்கள்.

லைனிங், கேன்வாஸ், பொத்தான்

துணியை ஒரு நாள் முழுக்கத் தேடுகிறவர்கள் லைனிங்கை டெய்லர் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். உடம்பை ஒட்டி இருப்பதோ லைனிங்தான். நல்ல கம்பளிக்குள் பாலியஸ்டர் டஃபேட்டா லைனிங் போட்டால், கம்பளிக்குக் கொடுத்த காசு பாதி வீண். விஸ்கோஸ் லைனிங் வேண்டும் என்று கேளுங்கள். டெய்லரிடம் இல்லையென்றால் நீங்களே 2 மீட்டருக்குக் குறையாமல் வாங்கிக் கொடுங்கள். சரியான அளவை அவர் சொல்லுவார். அதைவிட முக்கியம், ஆஃப் லைனிங் போடச் சொல்வது. முதுகின் மேல்பாதிக்கும் கைகளுக்கும் மட்டும் லைனிங், கீழ்ப்பாதி முதுகு வெறும் துணி. உள் தையல் வெளியே தெரியும் என்பதால் டெய்லருக்கு வேலை கூடும், சிலர் தயங்குவார்கள். கூலி கொஞ்சம் கூட்டிக் கொடுத்தாலும் பரவாயில்லை, நம்மூருக்கு இது தேவை.

முன்பக்கம் விறைப்பாக நிற்க உள்ளே கேன்வாஸ் வைப்பார்கள். பசை தடவி இஸ்திரியில் ஒட்டுவது ஒன்று, ஊசியில் தைத்து வைப்பது ஒன்று. ஒட்டுவது சீக்கிரம் முடியும், விலையும் குறைவு. நாள் போகப் போக ஈரத்திலும் டிரை கிளீனிங்கிலும் பசை விட்டு மார்பில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். ஒரு நாள் கோட்டுக்கு ஒட்டுவது போதும். வக்கீல் கோட்டுக்கு மார்புப் பகுதியாவது தைத்த கேன்வாஸாக இருக்கட்டும்.

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று கடலோரத்தில் வீடு உள்ளவர்கள் பித்தளை, தங்க முலாம் பொத்தான்களைத் தவிர்க்கலாம். உப்புக் காற்றில் பச்சை பூத்து, பொத்தானைச் சுற்றித் துணியில் கறை பிடிக்கும். கொம்புப் பொத்தானோ அதே தோற்றத்தில் வருகிற பாலியஸ்டர் பொத்தானோ போதும். உபரியாக முன்பக்கத்துக்கு ஒன்றும் கைக்கு ஒன்றும் வாங்கி வையுங்கள்.

கொடுக்கும்போதும் வாங்கும்போதும்

லினனும் காட்டனும் என்றால் வெட்டும் முன் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துச் சுருக்கத்தை எடுத்துவிட வேண்டும். கம்பளியை நனைக்கக் கூடாது, நீராவி இஸ்திரியால் தட்டி எடுக்கச் சொல்லுங்கள். டெய்லர் தானே செய்வார் என்று நினைக்காமல் வாயால் கேட்டுவிடுங்கள். மீட்டர் எத்தனை, லைனிங் யாருடையது, ட்ரையல் எந்தத் தேதி என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். ரசீதின் மூலையில் துணியின் சின்னத் துண்டு ஒன்றைக் குத்தி வைக்கிற பழக்கம் பல கடைகளில் உண்டு. அது நல்ல பழக்கம்.

அளவு கொடுக்கப் போகும்போது அன்றைக்குப் போடப்போகிற சட்டையும் ஷூவும் போட்டுப் போங்கள். ட்ரையல் ஒன்றாவது வேண்டும். கையை முன்னால் நீட்டி, மேலே தூக்கி, உட்கார்ந்து, கை குலுக்கிப் பாருங்கள். மேடையில் நீங்கள் செய்யப்போவது முழுக்க அதுதான். சட்டைக் கை கோட்டுக் கைக்கு வெளியே ஒரு விரல் அகலம் தெரிய வேண்டும்.

விசேஷம் முடிந்ததும் கோட்டை அப்படியே பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் திணிக்க வேண்டாம். இங்கே ஜூனில் தொடங்குகிற மழை ஒன்று, அக்டோபரில் திரும்ப வருகிற மழை ஒன்று. உறைக்குள் அடைபட்ட ஈரம் பூசணம் பிடிக்கும். நிழலில் ஒரு நாள் காயவிட்டு, அகலத் தோள் உள்ள ஹேங்கரில் மாட்டி, துணி உறை போட்டு வையுங்கள். கம்பளி என்றால் பாச்சை உருண்டை அவசியம். மழை விட்ட வெயில் நாளில் வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள்.

கடைசியாக டெய்லரிடம் இரண்டு கோரிக்கை. மிச்சத் துணியைத் திரும்பக் கேளுங்கள், பின்னால் எங்காவது கிழிந்தால் ஒட்டுப்போட அதே துணி வேண்டும். அப்புறம், பேண்டின் இடுப்புப் பின் தையலிலும் கோட்டின் பக்கத் தையலிலும் உள்ளே ஓர் அங்குலமாவது விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். கல்யாணம் முடிந்து இரண்டு வீட்டு விருந்தும் சாப்பிட்டு முடிக்கிற மாப்பிள்ளைக்கு அந்த ஓர் அங்குலம் சீக்கிரமே தேவைப்படும்.